சாவி நமக்கு

ஜூலை 20, ஞாயிறு

ஆண்டாப் ஹில்லில் அம்மன் கோயில் கொடை விழாவுக்கு மைக் செட் போட்டேன். நாலு குழாய், ரெண்டு பெட்டி. சத்தம் தாணே வரைக்கும் கேட்டிருக்கும். தாணேயிலிருந்து ஒருவன் போன் போட்டான். வாடகை விசாரிக்கத்தான் போட்டான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பெயர் அவனுக்கு எப்படித் தெரிந்தது? காற்றில் போனதுதானே.

வீட்டுக்கு வந்தால் செண்பகவல்லி சுருண்டு படுத்திருக்கிறாள். நீர்க்கடுப்பு. ரெண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. டாக்டரம்மா சத்தம் போட்டு அனுப்பினாளாம்: சுகர் இருக்கிறவள் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் கிட்னி போய்விடும், நாள் முழுக்கக் குடி, ராத்திரியும் குடி.

"குடிக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"குடிச்சா ராத்திரி எங்க போவ? ஒங்க மைக் பொட்டிக்குள்ளயா?"

என் சரித்திரத்தைப் பின்னால் எழுதப்போகிறவனுக்காக விவரம் வைக்கிறேன். தாராவியில் எங்கள் சந்தில் யார் வீட்டிலும் கக்கூஸ் கிடையாது. சந்து முனையில் உள்ள பொதுக் கக்கூஸ்தான் எல்லாருக்கும். அதைப் புதிதாக ஒரு காண்டிராக்டர் எடுத்திருக்கிறான். எடுத்த கையோடு ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்கள் பக்கம் பூட்டு. ஆண்கள் பக்கம் விடிய விடியத் திறந்து கிடக்கும். காரணம் மராத்தியில் எழுதி ஒட்டியிருக்கிறது: பெண்களின் பாதுகாப்புக்காக.

அதனால் இவள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாயில் ஒரு சொட்டு விடுவதில்லை. எனக்கு இன்றுதான் தெரியும். முப்பது வருஷமாக ஒரே அறையில் படுக்கிறேன்.

ஜூலை 21

விட மாட்டேன். கணேசபாண்டியன் யார் என்று அந்தக் காண்டிராக்டருக்குத் தெரியாது.

ஜூலை 23

சாய்நாத்திடம் போனேன். காண்டிராக்டரின் ஆள், வாசலில் மேஜை போட்டுக் காசு வாங்குகிறவன். மேஜை மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. காசும் அதில்தான், பூட்டும் சாவியும் அதில்தான். ஹிந்தியில் கிழித்து எடுத்தேன். நடுங்கிப் போய்விட்டான்.

சரி, நடுங்கவில்லை. "அண்ணா, நான் சம்பளக்காரன். பூட்டு என்றால் பூட்டுவேன். எட்டரைக்கு சயான் ஸ்டேஷனில் தாணே வண்டி பிடிக்கணும், என் பெண்டாட்டி காத்திருப்பாள்," என்றான். உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தான். கிழித்தபிறகு டீ வாங்கிக் கொடுத்தால் என்ன செய்வது, குடித்தேன்.

என் தம்பி மகன் மாரிசெல்வம் வெல்டிங் பட்டறையில் வேலை. ராத்திரி வந்து, "பெரியப்பா, ஒரு வார்த்த சொல்லுங்க. கட்டர வச்சு ரெண்டு நிமிசத்துல அறுத்துப் போட்டுருதேன்" என்றான்.

அறுக்கலாம். மறுநாள் பெரிய பூட்டு வரும். அதற்கு மறுநாள் போலீஸ் வரும். யோசிக்க வேண்டும்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று நடந்தது சாதாரணம் இல்லை. மாதுங்காவில் ஒரு ஹாலில் சொற்பொழிவு, மைக் நம்முடையது. வேங்கடசுப்ரமணியன் என்று காலேஜில் சரித்திரம் நடத்தி ரிடையர் ஆனவர். சுதந்திரப் போராட்டத்தின் குறிக்கோளும் வழிமுறையும் என்று தலைப்பு. பொதுவாக மைக் போட்டபிறகு நான் ஒரு ஓரமாகத் தூங்குவேன். இன்று மைக் ஊளையிட்டதால் குமிழைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. முழுசும் காதில் விழுந்தது.

உப்பு. எல்லாம் உப்பில் இருக்கிறது.

முடிந்தபிறகு டீ வேளையில் அவரிடமே கேட்டேன். "சார், எதுக்கு உப்பு? அரிசியப் பிடிச்சிருந்தா இன்னும் ஸ்ட்ராங்கா இருந்திருக்குமே."

"அரிசி இல்லாதவன்கூட உப்புப் போட்டுக் கஞ்சி குடிப்பான். எல்லாருக்கும் வேணும். அதுக்கு வரி போட்டவனைப் பார்த்தா ஊர் முதல்ல சிரிக்கும். ஒருத்தனைப் பார்த்து ஊர் சிரிச்சாச்சுன்னா அவன் பாதி தோத்தாச்சு."

"அப்போ உப்பு கெடச்சதும் முடிஞ்சு போச்சா?"

"கேட்டது உப்பு, வேண்டியது நாடு. கேக்கறது கைக்கு எட்டறாப்பல சின்னதா இருக்கணும். என்ன பண்ணப் போறோம்ங்கறதை எதிராளிகிட்ட முன்னாடியே சொல்லிடணும். ஒளிவு மறைவு கூடாது, அடிச்சாத் திருப்பி அடிக்கக் கூடாது. அவன் பின்வாங்க ஒரு வாசலையும் திறந்து வைக்கணும். இத்தனைக்கும் அடியில ஒண்ணு இருக்கு கேட்டேளா, சொன்னது சத்தியமா இருக்கணும். பேரே அதானே, சத்தியாக்கிரகம்."

என் தாத்தாவே முப்பதாம் வருஷம் வடாலா உப்பளத்தில் அடி வாங்கியவர் என்று சொன்னேன். "அப்படியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை அடி என்று கேட்டார். பன்னிரண்டு என்றேன்.

வீட்டில் வந்து சொன்னால் செண்பகவல்லி சிரிக்கிறாள். "போன வருசம் சுதந்திர தினத்துல மைக்ல ஒம்பது அடின்னீய. மனுசன் செத்த பெறவும் அடி வாங்கிக்கிட்டே கெடக்காரு."

ஜூலை 28

சந்தில் கூட்டம் போட்டேன். குறிக்கோள் நான் அறிவித்தேன்: தாராவி முழுக்க, ஏன், பம்பாய் முழுக்கப் பெண்களுக்கு ராத்திரி பகல் எல்லா நேரமும் திறந்த கக்கூஸ்.

"இந்தப் பூட்டு," என்றாள் செண்பகவல்லி. "இந்த ஒரு பூட்டு. அதுக்கு மேல பேசுனீயன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

அதைத்தான் புரொபசரும் சொன்னார். சின்னதாகக் கேட்க வேண்டும் என்று நானும் மனதில் வைத்திருந்தேன். அவள் வாயில் வந்துவிட்டது.

கோஷம் மட்டும் முழுக்க என்னுடையது. சாவி நமக்கு. மராத்தியிலும் சாவிக்கு சாவிதான், சாய்நாத்துக்கும் புரியும் என்று கணக்குப் போட்டேன்.

மாரிசெல்வத்தின் கட்டரை வாங்கி என் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். அஹிம்சை.

ஜூலை 30

எதிராளிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் அல்லவா. அந்தக் காலத்தில் வைஸ்ராய்க்கே கடிதம் போட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். நானும் காண்டிராக்டருக்கு எழுதினேன், மாரிசெல்வம் ஹிந்தியில் டைப் அடித்துக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு ஐந்நூறு பெண்கள் திரண்டு வருவார்கள் என்று போட்டேன்.

"ஐந்நூறா? நம்ம சந்துல அத்தன பேரு நிக்கவே எடம் கெடயாதே, பெரியப்பா."

எழுதும்போது கை நிற்கவில்லை. ஐந்நூறு என்றால்தான் கடிதத்துக்கு ஒரு கம்பீரம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

தோல்வி என்று எழுத மாட்டேன்.

வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அதில் ரெண்டு பேர் பக்கத்துக் கடையில் தக்காளி வாங்க நின்றவர்கள். எதிர்ப்பக்கம் ஒரு வேன் போலீஸ். ஐந்நூறு பேர் என்று கடிதத்தைக் காட்டிக் காண்டிராக்டர் அழைத்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் கடிதத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "பாக்கி பேர் எங்கே?" என்று கேட்டார். வருகிறார்கள் என்றேன். என் மைக்கைப் பிடுங்கி வேனில் போட்டார்கள். பெண்களின் பெயரை எழுதிக்கொண்டார்கள். அதோடு பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள்.

மைக் இல்லாமல் கத்தினோம். சாவி நமக்கு, சாவி நமக்கு.

எங்கள் சுவருக்கு அந்தப்பக்கத்து வீட்டு ஷைஸ்தா, துணிப்பைக்கு ஜிப் தைக்கிறவள், எட்டிப் பார்த்து, "சாச்சா, சாபி மே நமக் க்யூ?" என்றாள். சாவியில் உப்பு எதற்கு? நாங்கள் நமக்கு நமக்கு என்று கத்துகிறோம், அவள் காதில் நமக் நமக் என்று, உப்பு உப்பு என்று விழுந்திருக்கிறது. சாய்நாத்துக்கும் அப்படியே. "அண்ணா, இவ்வளவு பேர் சேர்ந்து உப்பா கேட்கிறீர்கள்?" என்கிறான். போலீஸ்காரர்கள் சிரித்தார்கள்.

சரியாக எட்டுக்குப் பூட்டிவிட்டு தாணே வண்டிக்குப் போனான்.

ஆகஸ்ட் 2

யாரும் பேசவில்லை. அவளும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மத்தியானம் பேசினாள். திட்டவில்லை, அதுதான் உறைத்தது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க கோயில்ல அளக்கது, கல்யாணத்துல அளக்கது, எல்லாரும் ரசிக்கத்தான் செய்யுதாங்க. நானும் ரசிப்பேன். ஆனா அந்தத் தாள்ல அளந்ததுக்கு எங்க பேர போலீசு எழுதிட்டுப் போறான். ஊதுனது நீங்க, ஒடஞ்சது நாங்க."

"சனம் வரும்னு நெனச்சேன்."

"நெனச்சீய. எண்ணுனீயளா?"

 

அந்த நேரம் பார்த்து ஷைஸ்தா வந்தாள், கையில் ஒரு பாக்கெட் உப்பு. நீங்கள் கேட்டது இதோ என்று சிரித்தபடி செண்பகவல்லி மடியில் போட்டாள். கேலிக்குத்தான் கொண்டு வந்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். பூட்டு அவளுக்கும்தானே. மாமியாருக்கு ராத்திரி பிளாஸ்டிக் டப்பா வைக்கிறாளாம். அதைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை.

ரெண்டு பேரும் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஹிந்தியில் சொன்னாள், ஒருத்தி தமிழில் சொன்னாள், எப்படியோ ஒரே யோசனைக்கு வந்து நின்றார்கள். எட்டு மணிக்கு வரிசையாகப் போவது. தட்டில் காசுக்குப் பதில் ஒரு சிட்டிகை உப்பு. உள்ளே ஒருத்தி போக வேண்டியது, அவள் வெளியே வருமுன் அடுத்தவள் போக வேண்டியது. உள்ளே ஆள் இருக்கும்போது எவனாலும் பூட்ட முடியாது. சாய்நாத் வண்டிக்குக் கிளம்புகிறவரை தாக்குப்பிடித்தால் போதும். பூட்டாமல் போனால் அன்று ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும்.

அந்தக் காலத்தில் ஜெயிலை நிரப்பினார்கள். நாங்கள் இதை நிரப்புகிறோம். (இந்த வரி என்னுடையது. யோசனையும் எனக்குள் புரண்டுகொண்டிருந்ததுதான். ஷைஸ்தா எடுத்துக் கொடுத்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.)

ராத்திரிக்குள் செண்பகவல்லி வீடு வீடாகப் போய் வந்தாள். ரெண்டாவது கடிதம் எழுத உட்கார்ந்தேன். எத்தனை பேர் என்று கேட்டேன்.

"பதினொண்ணு."

"ஒரு ஐம்பதுன்னு..."

பார்த்தாள்.

பதினொரு பெண்கள் என்று எழுதினேன். நாளை முதல் தினமும் வருவார்கள். எதையும் உடைக்க மாட்டார்கள், யாரையும் திட்ட மாட்டார்கள். காசுக்குப் பதில் உப்புப் போடுவார்கள். பூட்டு போனால் அன்றே காசு போடுவார்கள். அவ்வளவுதான் கடிதம். என் ஆயுளில் இத்தனை சின்னக் கடிதம் எழுதியதில்லை. படித்துப் பார்த்தால் ஒரு ஜோடனை இல்லை. ஆனால் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐந்நூறை விட இந்தப் பதினொன்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 4

சரியாகப் பதினொன்று. சொன்னபடி வந்துவிட்டது. போலீஸ் வரவில்லை, பதினொரு பேருக்கு வேன் அனுப்ப மாட்டார்களாம். சாய்நாத் உப்பை முகர்ந்து பார்த்தான். ஒன்பது வரை பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு பூட்டைத் தட்டில் போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினான்.

திறந்திருந்தது. ராத்திரி முழுக்க.

ஆகஸ்ட் 7

நாலாம் நாள். மழை கொட்டுகிறது. கல்யாண வேலைக்கு நான் வைத்திருக்கும் தார்ப்பாயை வரிசைக்கு மேல் கட்டிக் கொடுத்தேன். கம்பம் நட்டது நான், கயிறு கட்டியது நான், நனைந்தது நான். வரிசையில் நிற்க மட்டும் எனக்கு வழி இல்லை. ஆண்கள் பக்கம் திறந்துதானே கிடக்கிறது.

சாய்நாத் இன்றும் ரெண்டு வண்டியைத் தவற விட்டான். செண்பகவல்லி அவனுக்கு ரெண்டு தோசை கொடுத்து அனுப்பினாள். அவன் எதிராளி என்றேன்.

"எதிராளிக்குப் பசிக்காதா? தாணே போய்ச் சேர பதினோரு மணி ஆவும்."

அவன் தோசையைப் பிய்த்துவிட்டு, சட்னியில் உப்பு இல்லை என்றான்.  சொன்னதும் அவன்தான் முதலில் சிரித்தான். தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

பகலில் பூட்டு அந்த உப்பிலேயே கிடக்கிறது. தட்டைக் கொட்டுவதில்லை. கணக்கில் வந்ததைக் கொட்ட அவனுக்கு உத்தரவு இல்லையாம்.

ஆகஸ்ட் 9

இவள் இன்னும் ராத்திரி தண்ணீர் குடிப்பதில்லை. திறந்துதானே இருக்கிறது என்றேன்.

"இன்னைக்குத் தெறந்திருக்கு. நாளைக்கு? ஒரு நாள் நம்பிக் குடிச்சுட்டு, அங்க போயி பூட்டப் பாத்தா, எனக்குத்தானே தெரியும்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

 

காண்டிராக்டர் வந்தான். வெள்ளைச் சட்டை, கூட ரெண்டு ஆட்கள். வரிசையைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அது என்ன என்று கேட்டான். வசூல் என்றான் சாய்நாத்.

காண்டிராக்டர் தட்டை ஓங்கி அடித்தான். முதலில் நின்றவள் செண்பகவல்லி. தட்டின் விளிம்பு அவள் நெற்றியில் பட்டது. உப்பு அத்தனையும், பூட்டும் சாவியும், சேற்றில். ரத்தம் புருவத்தில் இறங்கி வந்தது.

மாரிசெல்வம் பாய்ந்துவிட்டான். எங்கிருந்து எடுத்தானோ, கையில் இரும்புக் கம்பி. காண்டிராக்டரின் ஆட்கள் அதற்குத்தான் காத்திருந்த மாதிரி ஒரு அடி முன்னால் வந்தார்கள். ஒரு அடி. அந்தக் கம்பி இறங்கியிருந்தால் இத்தனை நாளும் அதோடு முடிந்தது.

"ஏலே. கைய எறக்கு," என்றாள் செண்பகவல்லி. சத்தம் போடவே இல்லை. "ஒன் கம்பிக்காகவா நான் இத்தன நாளு மழைல நின்னேன்?"

இறக்கினான்.

நான் என்ன செய்தேன்? நின்றேன்.   அவள் ரத்தத்தைப் பார்த்தேன். முப்பதாம் வருஷம், பன்னிரண்டு அடி, ஒன்பது அடி என்று இத்தனை வருஷம் மைக்கில் எதையெல்லாமோ எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒரு அடி எப்படி இருக்கும் என்று தெரியாமலே.

அவள் குனிந்து தட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துத் தட்டில் போட்டாள். உள்ளே போனாள்.

அடுத்து ஷைஸ்தா போட்டாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. பதினொன்று முடிந்ததும் பன்னிரண்டாவதாக ஒருத்தி வந்தாள், தக்காளிக் கடையில் நின்றவள். அப்புறம் அங்கங்கே கதவு திறந்தது. எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணினால் என் பழக்கம் எனக்குத் தெரியும்.

"பூட்டு," என்று காண்டிராக்டர் கத்தினான். ஆள் உள்ளே இருக்கிறதே என்றான் சாய்நாத். "இருந்தால் இருக்கட்டும், பூட்டு."

சாய்நாத் பூட்டைச் சேற்றிலிருந்து எடுத்தான். சட்டையில் துடைத்தான். சாவியை விட்டான். போகவில்லை. திருப்பிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். ஒரு வாரம் உப்பிலும் மழை ஈரத்திலும் கிடந்த பூட்டு. உள்ளே முழுக்கத் துரு. காண்டிராக்டர் பிடுங்கித் தானே திருப்பினான். சாவி பாதியில் மாட்டிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

ஷைஸ்தா அமைதியாகச் சொன்னாள்: "சாபி மே நமக், சாப்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சாய்நாத்தாகக்கூட இருக்கலாம். சந்து முழுக்கச் சிரித்தது. நெற்றியில் துணியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று இவளும் சிரித்தாள். வெள்ளைச் சட்டைக்காரன் அந்தப் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அடிக்கலாம், ஆனால் யாரை என்று அவனுக்குத் தெரியவில்லை.

துருப்பிடிக்க வைத்தது ஹிம்சையில் சேருமா என்று புரொபசரிடம் கேட்க வேண்டும். வேண்டுமென்று செய்யவில்லை. சத்தியம்.

ஆகஸ்ட் 13

புதுப் பூட்டு வாங்கினாயா என்று சாய்நாத்திடம் கேட்டேன். "கடையில் கிடைக்கவில்லை, அண்ணா," என்றான். தாராவியில் பூட்டு கிடைக்கவில்லையாம். பொய்யில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன், இதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 14

பின்பக்கத்துச் சந்திலும் இதே காண்டிராக்டர்தான். அங்கேயும் நேற்று ராத்திரி உப்பு விழுந்திருக்கிறது. காலையில் சாய்நாத் காண்டிராக்டரின் சேதி கொண்டு வந்தான்: உப்பை மட்டும் நிறுத்துங்கள், கதவு திறந்திருக்கும், ரெண்டு சந்திலும். சுவரில் இருந்த பாதுகாப்பு நோட்டீசை அவனே கிழித்தான். அதன் பின்பக்கத்தில் மராத்தியில் எழுதி ஒட்டினான்: இரவும் பகலும்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லு என்றேன் நான். செண்பகவல்லி என்னை முறைத்துவிட்டு, மடியிலிருந்து ஒரு காசை எடுத்துத் தட்டில் போட்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மைக்கைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து மீட்டுக் கொண்டு வந்தேன். குழாயில் ஒரு நெளிசல். சத்தம் கூடியிருக்கிறது என்றுதான் சொல்வேன்.

கொடி ஏற்றினோம். வழக்கம்போல் பேசக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் இவள், நெற்றியில் பிளாஸ்திரி. பின்னாலிருந்து மாரிசெல்வம், "பெரியப்பா, இந்த வருசம் தாத்தாவுக்கு எத்தன அடி?" என்று கத்தினான்.

"இந்த வருசம் தாத்தாவுக்கு லீவு," என்றேன்.

பிறகு பதினொரு பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தேன். வரலாற்றிலேயே என் மிகச் சிறிய சொற்பொழிவு. கைதட்டல் வடாலா வரைக்கும் கேட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மழை. வேலை இல்லை.

ராத்திரி கஞ்சியும் துவையலும். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பாய் விரித்தபிறகு செண்பகவல்லி குடத்தைத் திறந்தாள். செம்பை உள்ளே விட்டு எடுத்தாள். நின்றபடியே அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் செம்பைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன பாக்கீய?"

"ஒண்ணுமில்ல."

சரித்திரம் எழுதுகிறவன் குறித்துக்கொள்ளவும். ஒரு செம்பு. அரைச் செம்பு இல்லை, ரெண்டு செம்பும் இல்லை.